அடி தெரியாத தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

குளம் இன்றைக்கும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. பிசியோ பெண் வந்தாள், பையைக் கூடக் கீழே வைக்கவில்லை, ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "ஆழத்துல, அடியில ஒரு சல்லடை மூடி இருக்குமே, அது தெரியுதா ஆன்ட்டி உங்களுக்கு?" தெரியவில்லை என்றேன். "அப்போ நான் உங்க அக்காவை இறக்க மாட்டேன். வழுக்கி உள்ளே போயிட்டாங்கன்னா நான் தடவித் தேடணும்."

இருபத்தாறு வயதிருக்கும் அவளுக்கு. சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

பிப்ரவரியில் அக்கா மூன்று தடவை தண்ணீரில் இறங்கினாள். மூன்றாவது தடவை, மார்பளவு ஆழத்தில், கம்பியை விட்டுவிட்டு நான்கு நிமிடம் நின்றாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபின் அவள் எதையும் பிடிக்காமல் நின்றது அதுதான் முதல் முறை. அடுத்த நாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. கரண்டும் இல்லை. நான்காம் நாள் பார்த்தால் குளம் பச்சை. குளோரின் கொட்டினேன், பச்சை போய் வெள்ளையானது. அதோடு நின்றுவிட்டது.

ஆறு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நவம்பரில் வந்தேன். இது மார்ச்.

மார்ச் 5, புதன்

மூடி தெரியவில்லை. முதுகு வலி.

மார்ச் 6, வியாழன்

குளத்துக்காரர் வந்தார். அக்காவுக்கு இந்தக் குளத்தை வெட்டிக் கொடுத்தவரே இவர்தான். இருபது வருஷமாக நாற்பது தாண்டிய பெண்களாகப் பார்த்துப் பார்த்து அவள் இதில் நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தண்ணீருக்குப் பயந்தவர்கள்தான் அவளுக்கு வேண்டும். கூடப் பிறந்த நான் மட்டும் கடைசிவரை கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை.

சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். டாக்டர்கள் எக்ஸ்ரே பார்க்கிற அதே முகம். "குளோரின் சரியா இருக்கு. காரம் ஏறியிருக்கு, அதுக்குக் கொஞ்சம் ஆசிட் விடுங்க. மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல மேடம். செத்த பாசியெல்லாம் தூளா மிதக்குது. அதை மருந்து ஒண்ணும் பண்ணாது, ஃபில்டர்தான் பிடிக்கணும். பம்ப் ராவும் பகலும் ஓடட்டும். மூணே நாள்."

அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல்: "ராத்திரியெல்லாம் ஓடக் கூடாது. அந்த ரீங்காரம் என் மண்டைக்குள்ள ஓடும்."

சரி, பகலில் மட்டும் என்று முடிவாயிற்று. நான் அலுவலகம் கிளம்பும்போது போட வேண்டும், ஏழு மணிக்கு நிறுத்த வேண்டும். "அப்போ ஒரு வாரம் பொறுங்க" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

காலை முழுக்கக் குளத்துச் சுவரைத் தேய்த்தேன். நீளக் கம்பின் நுனியில் பிரஷ். தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் புகை மாதிரி எழும்பி வருகிறது. அதுவும் நல்லதற்குத்தானாம், எழும்பினால்தான் ஃபில்டருக்குப் போகும். அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை.

"அது தேய்க்கிற மாதிரியா இருக்கு? குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி இருக்கு."

"வந்து நீயே தேயேன்."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். வாய் இன்னும் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. "அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்" என்றாள்.

நனைந்த நைட்டியோடு துணி துவைத்து, அவளைக் குளிக்க வைத்து, சோறு ஊட்டாமல் அவளே சாப்பிடும்வரை முக்கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்து, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்து — மணி மூன்று. எனக்குப் பசியே போய்விட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பிசியோ பெண் எட்டிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். கட்டிலிலேயே பயிற்சி கொடுத்துவிட்டுப் போனாள்.

அலுவலகத்தில் கடிதம். தற்காலிகமாக இந்தக் கிளைக்கு வந்தவள் நான், மார்ச் 31-க்குள் சொல்ல வேண்டுமாம், இங்கேயே நீட்டிப்பா, பழைய இடத்துக்குத் திரும்புகிறேனா என்று. இனிமேல் சின்னச் சின்ன நீட்டிப்பு கிடையாது, இந்தத் தடவை நீட்டித்தால் இரண்டு வருஷம். நாளெல்லாம் காப்பீட்டு மனுக்கள் பார்க்கிறேன். கை இத்தனை சதவீதம் போயிற்று, கால் இத்தனை சதவீதம் என்று எழுதி எழுதி அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எனக்கு எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில், "இன்னிக்கும் முட்டைதான். எனக்கே இறக்கை முளைச்சிடும் போல" என்றார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன் என்றார். போட்டிருக்க மாட்டார்.

மார்ச் 13, வியாழன்

மூடி தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மூடி தெரியவில்லை. ஆசிட் புகை மூக்கில் ஏறி நாள் முழுக்க இருமல்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று பிசியோ பெண்ணுக்கே பொறுமை போய்விட்டது. "இடுப்பு மறுபடி இறுக ஆரம்பிச்சிருக்கு ஆன்ட்டி. இன்னும் ரெண்டு வாரம் தண்ணி இல்லேன்னா திரும்ப முதல்லேர்ந்துதான்." அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், யாருக்கோ நடக்கிற விஷயம் மாதிரி.

அவள் போனபிறகு கேட்டேன், உனக்குக் கவலையே இல்லையா என்று.

"என்ன அவசரம் குட்டி? தண்ணி தெளியறப்போ தெளியட்டும்."

என்ன அவசரமா? என்ன அவசரமா! எனக்கு ஐம்பத்தாறு வயசு. என் வீட்டுல ஒரு மனுஷன் முட்டையைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கான். அஞ்சு மாசமா உன் கட்டிலுக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுக்கிறேன், நீ திரும்பிப் படுத்தாலும் எனக்கு முழிப்பு வருது — இதையெல்லாம் இங்கேதான் எழுதுகிறேன். அவளிடம், "உனக்கென்ன, ராணி மாதிரி படுத்திருக்கே" என்று மட்டும் சொன்னேன். அதுவே கூடுதல்.

மார்ச் 20, வியாழன்

குளத்துக்காரர் மறுபடி வந்தார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் பம்ப் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனார். ஃபில்டர் தலையில் ஒரு கடிகாரம் மாதிரி இருக்கிறது, உள்ளே எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று அது காட்டுமாம். அதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"மேடம், ரெண்டு வாரம் நாள் முழுக்க ஓடியிருந்தா இந்த முள்ளு நல்லா ஏறியிருக்கணும். இது போன தடவை இருந்த இடத்திலேர்ந்து ஏதோ ஒரு நூல்தான் நகர்ந்திருக்கு. பகல்ல கரண்ட் போகுதா?"

காலையில் உதவிக்கு வரும் அம்மாவைக் கேட்டேன். அவர் ஒரு மணிவரை இருப்பார். "நான் கிளம்புற வரைக்கும் உர்ருன்னு ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார். நான் ஐந்தரைக்கு வரும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"அப்போ ஒண்ணும் புரியலையே" என்று குளத்துக்காரர் தலையைச் சொறிந்தார். போகும்போது அக்கா அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

மார்ச் 21, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைவலி. நாலு மணிக்கே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முன்கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது நாலே முக்காலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று உடனே உறைக்கவில்லை. அக்கா அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் அவள் இல்லை. சக்கர நாற்காலி காலியாக இருந்தது. வாக்கர் கட்டில் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

குளியலறையில் இல்லை. அடுத்து குளம்தான் நினைவுக்கு வந்தது. அந்த அடி தெரியாத தண்ணீர். சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன்.

அக்கா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு! வலது கை சுவரில், இடது கை மடங்கி மார்போடு. பின்வாசலில் இரண்டு படி. கைப்பிடி கிடையாது. இடது காலை மெதுவாக இறக்கி வைத்தாள். பிறகு வலது கால். ஒரு மூச்சு. இன்னொரு படி. அப்புறம் தரையில், சுவரை விட்டுவிட்டு, இடது காலை அரை வட்டமாக வீசி வீசி — எண்ணினேன், பதின்மூன்று அடி — கொட்டகைக்குப் போனாள். கையை உள்ளே விட்டாள். பம்ப் ரீங்காரம் ஆரம்பித்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கேட்காதது அந்தச் சத்தம்தான்.

நாள்தோறும் உதவிக்கார அம்மா போனதும் நிறுத்திவிட்டு, நான் வருவதற்குள் போட்டுவிடுகிறாள். நான் நிறுத்தும் ஏழு மணிவரை கூட்டினாலும் தண்ணீருக்கு ஒரு நாளில் கிடைப்பது ஆறேழு மணி நேரம்தான்.

கத்தியிருக்க வேண்டும். ஓடிப் போய்ப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்படியொரு கோபம். அதே நேரத்தில் — இதை எழுத வெட்கமாக இருக்கிறது — கை தட்ட வேண்டும் போலவும் இருந்தது. அவள் நடக்கிறாள்.

அவள் திரும்பிப் படியேற ஆரம்பித்ததும் நான் சத்தம் காட்டாமல் முன்வாசல் வழியே வெளியே வந்துவிட்டேன். தெருமுனை மருந்துக்கடை வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி, மறுபடி போய், ஐந்தரைக்கு வழக்கம் போலச் சாவியைச் சத்தமாகப் போட்டுத் திறந்தேன்.

கட்டிலில் போர்வை இடுப்புவரை. "வந்துட்டியா? ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"தலைவலி" என்றேன்.

மார்ச் 22, சனி

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம். அவளிடமிருந்து வருவதை விட, என்னிடமிருந்து.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் சுவர் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியில். பாதியில் பிரஷைக் கீழே போட்டுவிட்டு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, பின்வாசப்படியை எப்படி இறங்கறே? வலது கால் முதல்லயா, இடது கால் முதல்லயா?"

குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இடது" என்றாள். "இறங்கும்போது கெட்ட கால் முதல்ல. ஏறும்போது நல்ல கால். அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்தது."

"எத்தனை நாளா?"

"மழை விட்டதிலேர்ந்து."

அதற்கப்புறம் நான் பேசியதெல்லாம் எழுதத் தகுந்ததல்ல. "மூணு வாரமாடி நான் இந்தத் தண்ணியோட மல்லுக்கட்டறேன்! முதுகு போச்சு, தொண்டை போச்சு, நீ பாட்டுக்கு உக்காந்து தேய்க்கறது சரியில்லேன்னு குத்தம் சொல்றே! தெரிஞ்சே பண்ணினியா?" அக்காவை 'டி' போட்டது என் ஆயுளில் முதல் தடவை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மூடிக்கொண்டது.

"தெரிஞ்சேதான்" என்றாள்.

"ஏன்?"

"நான் நாலு நிமிஷம் நின்னேனே, அன்னிக்கு நீ வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசினே. வாசல்ல நின்னு. 'இன்னும் கொஞ்சம்தாங்க, இவ ஒரு நாள் நடந்துட்டா போதும், அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்துடுவேன்'னு. சிரிச்சுக்கிட்டே சொன்னே. நீ வந்ததிலேர்ந்து நீ சிரிச்சு நான் கேட்டது அன்னிக்கு ஒரு தடவைதான் குட்டி."

சொன்னேன்தான். அதே வார்த்தைகள்தான். அவள் கதவு திறந்திருந்தது எனக்குத் தெரியும்.

"நின்னா நீ போயிடுவே. நடந்தா அன்னிக்கே போயிடுவே. அப்புறம் இந்த வீட்டுல நானும் இந்தக் கையும்தான்." மடங்கிய இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டி, மடியில் போட்டாள், யாருடைய பொருளோ மாதிரி. "நீச்சல் தெரியாதவங்க ஆழத்துல பிடிச்சா எப்படிப் பிடிப்பாங்க தெரியுமா? காப்பாத்த வந்தவளையே அமுக்குவாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எனக்கே அது வரும்னு நினைக்கல."

இரண்டு பேரும் அழவில்லை. அழவும் தெம்பு வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, வெயில் ஏறுகிறது, உள்ளே போகலாம் என்றேன். நாற்காலியைத் தள்ளப் போனேன். "வேண்டாம்" என்று எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். நல்ல கனம் இன்னும்.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "உங்க அக்கா லேசுப்பட்டவ இல்லப்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அவங்க காதுல விழற மாதிரி நீ எதுக்கு அப்படிப் பேசினே?" என்றார்.

ஏன் பேசினேன்? காதில் விழட்டும் என்றுதான். நான் இங்கே கிடந்து தேய்வது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பிசியோ பெண் வருவதற்கு முன்னால் அக்கா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னேன். நேற்று முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்.

"ஏப்ரல் முப்பது நான் கிளம்பறேன். நீ நடந்தாலும் கிளம்பறேன், நடக்காட்டியும் கிளம்பறேன். நீ நாளைக்கே ஓடினாலும் முப்பது வரைக்கும் இங்கேதான் இருப்பேன். நீ நடக்கறதுக்கும் நான் போறதுக்கும் இனிமே சம்பந்தமில்ல."

"அப்புறம்?"

"உதவிக்கு வர்ற அம்மாவைக் கேட்டுட்டேன். அவங்க வீட்டுல பையனுக்குக் கல்யாணம் ஆகி இடமில்லையாம். இங்கேயே தங்கிக்கறேன்னாங்க. மாசத்துக்கு ஒரு தடவை நான் வருவேன்."

"அந்த அம்மா குறட்டை விடுவா."

"நீயும்தான் விடறே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "பம்ப்பை ராத்திரியும் ஓட விடு. காதுல பஞ்சு வச்சுக்கறேன்."

மார்ச் 27, வியாழன்

இரண்டு நாளாகப் பம்ப் நிற்கவில்லை. முள் ஏறிவிட்டது. குளத்துக்காரரைப் போனில் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஃபில்டருக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவினேன். குழாயில் பால் பாலாகக் கொட்டியது. மூன்று நிமிடம் கழித்துத்தான் நிறம் போயிற்று. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. என்ன கோளாறு மேடம்?" என்றார். சுவிட்சில் ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்றேன்.

மார்ச் 29, சனி

மூடி தெரிகிறது. அதன் ஓட்டைகளை எண்ணலாம் போலிருக்கிறது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. பகலிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 31, திங்கள்

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்புகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்கா குளத்தில் இறங்கினாள். அறையிலிருந்து குளம்வரை ஒரு தடியை மட்டும் ஊன்றி வந்ததைப் பார்த்து பிசியோ பெண்ணுக்கு வாய் மூடவில்லை. "கட்டில் பயிற்சியிலயே இவ்வளவு வந்துடுச்சா!" அக்கா என்னைப் பார்க்காமல், "தனியாக் கொஞ்சம் பழகினேன்" என்றாள். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் மறுபடியும் மடித்தேன், சிரிப்பு வந்துவிடும் என்று.

இடது கை அப்படியேதான் இருக்கிறது. அது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் தெரியும்.

ஏப்ரல் 30, புதன்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. வாசல்வரை வந்தாள். "போய்ட்டு போன் பண்ணு" என்றாள், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது கதவைச் சாத்தியிருந்தாள். அதுவும் நல்லதுதான்.

மே 18, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். உதவிக்கார அம்மாவோடு சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் இருவரும் ஒரே தட்டில் பட்டாணி உரிக்கிறார்கள். குளத்தைப் பார்க்க நான் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றிருக்கிறது.

ஜூலை 12, சனி

காய்கறி வாங்கிவிட்டு வந்தால் எங்கள் வீட்டுச் சோபாவில் அக்கா. சொல்லாமல் கொள்ளாமல், தனியாக, நாலு மணி நேரம் பஸ்ஸில். வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார், அதில் சர்க்கரை பற்றவில்லை என்று அவருக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, காப்பாற்று என்று கண்ணைக் காட்டினார்.

இளைத்திருக்கிறாள். வாய்க்கோணல் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒரு வாரமாவது இருந்துவிட்டுப் போ என்றேன், மாடி அறையைச் சுத்தம் செய்கிறேன் என்றேன். நானா இதைச் சொல்வது என்று எனக்கே ஆச்சரியம்.

"முடியாதுடி. நாளைக்கு மதியம் பஸ், திரும்பிப் போறதுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துட்டேன்" என்றாள். "திங்கக்கிழமை காலையில நீச்சல் கத்துக்க ரெண்டு பேர் வராங்க. புதுசு. ஒருத்தி முகம் கழுவவே பயப்படறா."

"நீ எப்படித் தண்ணிக்குள்ள நின்னு —"

"நான் எதுக்கு நிக்கணும்? கரையில உக்காந்து திட்டினாப் போதாதா?"

இப்போது கூடத்தில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். நாளைக்கு மதியம்வரை இருப்பாள். கொஞ்சம் கூட இருந்தால் என்ன இவளுக்கு?